ஓன் போர்டு கார் ஷேரிங்: கணக்கை இப்பவே வெளியிடறதா, சரி பண்ணிட்டு வெளியிடறதா?

கருமத்தம்பட்டிக்காரன் (கேள்வி)

வணக்கம்ங்க. கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுத்துக்கோங்க. சுருக்கிக் கேட்டா பதிலும் சுருக்கமா வரும், எனக்கு இப்ப அது பத்தாது.

கோயமுத்தூருக்கும் திருப்பூருக்கும் நடுவுல, காருல காலியாப் போற சீட்டைப் பகிர்ந்துக்கற ஆப் ஒண்ணை நானும் காலேஜ்ல கூடப் படிச்ச நண்பரும் நடத்திட்டு வர்றோம். மூணு வருஷம் ஆச்சு. அதுக்கு முன்னாடி எட்டு வருஷம் திருப்பூர்ல ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனில மெர்ச்சண்டைசர் வேலை பார்த்தேன். தினமும் அவிநாசி ரோடுதான். காலைல ஏழரைக்கு ஹோப் காலேஜ் ஸ்டாப்புல அம்பது பேரு பஸ்ஸுக்கு நிப்பாங்க. அவங்களைத் தாண்டி ஒத்தை ஆளு ஓட்டிட்டுப் போற காரு வரிசையாப் போகும். எல்லாரும் போறது அதே திருப்பூருக்கு. அதைப் பார்த்துப் பார்த்துத்தான் ஆரம்பிச்சோம்.

முதல்ல வெறும் வாட்ஸப் குரூப். சீட்டுக்கு 80 ரூபாய்னு வெச்சோம். ஏன் 80ன்னா, ஒரு நடை ஏறக்குறைய 50 கிலோமீட்டர். லிட்டருக்கு 15 கொடுக்கற பெட்ரோல் வண்டிக்கு 340 ரூபாய் ஆகும். மூணு பேரு ஏறினா 240 வந்துரும். மீதி 100 ரூபாய் ஓட்டறவரோடது. அவரும் அதே ஊருக்கு வேலைக்குத்தான் போறாரு, அது அவரு பங்கு. அந்த 100 ரூபாயை ஞாபகம் வெச்சுக்கோங்க.

ரெண்டாவது வருஷம் வெளியில இருந்து முதலீடு வந்துச்சு. வண்டி எண்ணிக்கை எப்படி ஏறும், வருமானம் எங்கிருந்து வரும்னு பணம் போட்டவங்க கேட்டாங்க. கேட்டது தப்பில்லை. நாங்க சீட்டை 150 ஆக்கினோம். 15 எங்களுக்கு, 135 ஓட்டறவருக்கு. மூணு சீட்டுக்கு 405. பெட்ரோல் வண்டிக்கே 65 ரூபாய் மிச்சம். கேஸ்ல ஓடற வண்டின்னா நடைக்கு 200க்கு மேல நிக்கும். வண்டிங்க மளமளன்னு சேர்ந்துச்சு. ஆபீஸ்ல கேக் வெட்டினோம். ஏன் சேருதுன்னு நான் உட்கார்ந்து பார்க்கலை.

போன மாசம் ஒரு புதன்கிழமை காலைல எங்க ஆப்புல ரெண்டு சீட்டு புக் ஆச்சு. புக் பண்ணினது டாக்ஸி ஓட்டற அண்ணன்மாரு. ஹோப் காலேஜ்ல ஏறி, நீலாம்பூர் தாண்டறப்ப நிறுத்தச் சொல்லியிருக்காங்க. அங்க பிரேக் இன்ஸ்பெக்டரும், கூட இருபது பேரும் நின்னுட்டு இருந்தாங்க. ஓன் போர்டு வண்டில, அதாவது சொந்த உபயோகத்துக்குப் பதிவான வண்டில, காசுக்கு ஆள் ஏத்தினதா கேஸ். வண்டியை ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குக் கொண்டு போயிட்டாங்க. ஓட்டினவர் ஒரு ஸ்பின்னிங் மில்லுல கணக்குப் பார்க்கறவர், அம்பது வயசு. நான் போய்ச் சேர்றப்ப டிபன் பாக்ஸைக் கையில பிடிச்சுட்டு ரோட்டோரம் நின்னுட்டு இருந்தார். "என்னங்க தம்பி, நான் வேலைக்குத்தானே போறேன்"னு ஒரே வார்த்தை. அபராதம் 10,000 நாங்க கட்டினோம். ஆனா அவர் மூஞ்சி எனக்கு இன்னும் கண்ணுலயே நிக்குது.

அங்க இருந்த டி போர்டு (டாக்ஸியாப் பதிவான வண்டி) அண்ணன் ஒருத்தர், அறுபது வயசு இருக்கும், என்னைத் தனியாக் கூப்பிட்டுச் சொன்னார்: "தம்பி, டாக்ஸு, பெர்மிட்டு, எஃப்.சி., இன்சூரன்ஸு எல்லாம் கட்டிட்டு நாங்க ஸ்டாண்டுல ஈ ஓட்டறோம். உன் ஆப்புல ஒரே வண்டி பொழுதுக்கும் நாலு தடவை போகுது, வருது. இதுக்குப் பேரு ஷேரிங்கா?" அப்படியெல்லாம் இல்லைங்க, எல்லாரும் வேலைக்குப் போறவங்கன்னு அடிச்சுச் சொன்னேன். மனசார நம்பித்தான் சொன்னேன்.

அன்னைக்கு ராத்திரி டேட்டாவைத் திறந்து பார்த்தேன். போன மாசம் ஓடினது 412 வண்டி. அதுல 374 காலைல ஒரு நடை, சாயங்காலம் ஒரு நடை. மீதி 38 வண்டி தினமும் மூணு நடை, நாலு நடை. மொத்தம் போன சீட்டுல கிட்டத்தட்ட பாதி அந்த 38 வண்டிலதான். அதுலயும் அஞ்சு வண்டிக்குப் பணம் போறது ஒரே பேங்க் அக்கவுண்டுக்கு. அந்த அண்ணன் சொன்னது அப்படியே உண்மை. பிடிபட்ட மில்காரர் அந்த 38ல இல்லை.

இப்ப கேள்விக்கு வர்றேன். எத்தனை வண்டி, ஒவ்வொண்ணும் எத்தனை நடை, பணம் எப்படிப் பிரியுதுங்கறதை மாசா மாசம் எல்லாரும் பார்க்கற மாதிரி வெளியிடலாம்னு எனக்குத் தோணுது. நண்பர் சொல்றாரு, "முதல்ல 38ஐயும் தூக்கிடலாம், அடுத்த மாசத்துல இருந்து வெளியிடலாம். இப்ப வெளியிட்டா நம்ம கையால சாட்சி எழுதிக் கொடுத்த மாதிரி." டாக்ஸிக்காரங்க நம்பரை எல்லாம் ஆப்புல பிளாக் பண்ணிடலாம்னும் ஒரு யோசனை. பணம் போட்டவங்க, ரூல்ஸ் தெளிவா வர்ற வரைக்கும் வாயே திறக்க வேண்டாம்ங்கறாங்க.

யார் சொல்றது சரி? இதுல அடிபட்டவங்க யாராச்சும் சொல்லுங்க.

---

நீலாம்பூர் ஸ்டாண்டு

தம்பி, நான் டி போர்டு ஓட்டறவன். 19 வருஷம். அன்னைக்கு அந்த இடத்துல நான் இல்லை, ஆனா எங்க ஆளுங்கதான்.

மொதல்ல ஒண்ணு. அந்த மில்காரரைப் பிடிச்சது எங்களுக்கும் சங்கடம்தான். நாங்க பிடிக்க நினைச்சது கேஸ்ல நாலு நடை ஓடற அந்த வண்டிங்களை. எது எதுன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்? ஆப்புல எல்லா வண்டியும் ஒரே மாதிரிதான் தெரியுது. நீங்க மூடி வெச்சதாலதான் தப்பான ஆளு மாட்டினாரு. இதை யோசிச்சுப் பாருங்க.

எங்க கஷ்டம் என்னன்னு சொல்றேன். என் வண்டில ஜி.பி.எஸ். பெட்டி வெச்சிருக்கேன், பேனிக் பட்டன் வெச்சிருக்கேன், எஃப்.சி. தேதி வர்றப்பல்லாம் டிங்கரிங் பெயிண்டிங் பண்ணிக் கொண்டு போய் நிறுத்தறேன். அன்னைக்கு ஓட்டம் போச்சு. இன்சூரன்ஸ் ஓன் போர்டு வண்டியை விட எத்தனையோ அதிகம். இதெல்லாம் கட்டிட்டு 50 கிலோமீட்டருக்கு சீட்டு 150ன்னு என்னால ஓட்ட முடியாது. ஒருத்தன் இது எதையும் கட்டாம ஓட்டினா அவன் ஜெயிக்கத்தான் செய்வான்.

பெரிய ஆப்புல ஓட்டிப் பார்த்தாச்சு. கஸ்டமர் இறங்கறப்ப அவர் போன்ல ஒரு தொகை, என் போன்ல ஒரு தொகை. நடுவுல என்ன போச்சுன்னு கேட்டா பதில் சொல்ல ஆளே இல்லை. அதனால எந்த ஆப்புக்காரன் வந்து "நாங்க நேர்மை"ன்னு சொன்னாலும் எங்களுக்குக் காதுல ஏறாது.

நீங்க காட்டறதா இருந்தா மொத்தக் கணக்கைப் போட்டு மூடாதீங்க. "சராசரியா ஒரு வண்டிக்கு ரெண்டு நடை"ன்னு போட்டா அந்த 38ம் அதுக்குள்ள ஒளிஞ்சுக்கும். ஒரு வண்டிக்கு ஒரு வரி. எத்தனை நாள், எத்தனை நடை. பேரு வேண்டாம், நம்பர் வேண்டாம். நாங்க பார்த்தாலே புரிஞ்சுக்குவோம்.

அப்புறம் எங்க நம்பரை பிளாக் பண்ற யோசனையை விட்டுருங்க. ஸ்டாண்டுல பேச்சு முறிஞ்சு போயிரும்.

---

ஈரோடு சர்வேயர்

வாகன இன்சூரன்ஸ் சர்வே செய்பவன் என்பதால் அந்தப் பக்கத்தை மட்டும் சொல்கிறேன். உங்கள் கேள்வியில் இதைக் காணோம். எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது.

தனியார் கார் பாலிசியில் 'வாடகைக்கோ கூலிக்கோ பயன்படுத்தக் கூடாது' என்று அச்சடித்தே இருக்கும். நீங்கள் எழுதிய அந்த 100 ரூபாய் இங்கேதான் வருகிறது. ஓட்டுநரும் ஒரு பங்கு போட்டு, செலவை நாலு பேர் பிரித்துக்கொண்டால் 'இது கூலி இல்லை' என்று வாதாட ஒரு பிடி இருக்கும். நடைக்கு 65 ரூபாய் லாபம் என்று ஆன நிமிடத்தில் அந்தப் பிடி போய்விடும். 38 வண்டிக்கு மட்டுமல்ல, அந்த மில்காரருக்கும் போய்விட்டது. அவரும் உங்கள் விலையைத்தானே வாங்கினார்? அவர் நல்லவர் என்பது கிளைம் பேப்பரில் ஏறாது.

கருமத்தம்பட்டி பக்கம் அந்த வண்டி ஒரு லாரிக்குப் பின்னால் போய் மோதியிருந்தால், வண்டிச் சேதத்துக்கான கிளைமை மறுக்கவோ வெட்டவோ கம்பெனிக்குக் காரணம் கிடைத்திருக்கும். வெளியாளுக்கு அடிபட்டிருந்தால், இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் கொடுத்துவிட்டு உரிமையாளரிடமிருந்து வசூல் செய்துகொள்ளட்டும் என்று தீர்ப்பாயம் சொல்லக்கூடும். லட்சக்கணக்கில் போகும். அவருடைய வீட்டுப் பத்திரம் வரை போகும். உங்கள் ஆப்பில் சேரும்போது இதை அவரிடம் யாராவது சொன்னீர்களா?

சட்டத்துக்கு வந்தால், மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 66ஆம் பிரிவு பெர்மிட் இல்லாமல் போக்குவரத்து வாகனமாக ஓட்டுவதைத் தடுக்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு 93ஆம் பிரிவின்படி ஆப் நடத்துபவர்களுக்கும் மாநில அரசின் உரிமம் வேண்டும். 2020 நவம்பரில் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறையில், சொந்தக் காரில் பகிர்ந்து போவதற்கு ஊருக்குள் நாளுக்கு 4 நடை, ஊர் விட்டு ஊர் போக வாரத்துக்கு 2 நடை என்று ஒரு வரம்பு இருந்தது. கோவை–திருப்பூர் ஊர் விட்டு ஊர். ஆக தினமும் போய்வரும் மில்காரர் அந்த வரம்பில் வாரத்தில் ஒரு நாள் மட்டும்தான் போய்வர முடியும். ஒழுங்கான ஆளுக்கே பொருந்தாத அளவு அது. அதற்குப் பதிலாக 2025 ஜூலையில் புதிய நெறிமுறை வந்தது. இரண்டிலுமே முடிவு மாநில அரசின் கையில்தான்.

பிரான்ஸில் 2015இலேயே சட்டத்தில் வரையறுத்துவிட்டார்கள்: ஓட்டுநர் தன் சொந்தப் பயணமாகப் போக வேண்டும், செலவைப் பங்கிடலாம், லாபம் கூடாது. அங்கே பிறந்த பிளாப்லாகார் ஆப் ஒரு சீட்டுக்கு இவ்வளவுக்கு மேல் கேட்க முடியாதபடி விலைக்கு உச்சவரம்பு வைத்திருக்கிறது. உங்களிடம் 80 ரூபாய் இருந்தபோது நீங்கள் தெரியாமலே அதைத்தான் செய்துகொண்டிருந்தீர்கள்.

என் பதில்: கணக்கை வெளியிடுவதற்கு முன் விலையைக் குறையுங்கள். நாளைக்கே.

---

அட்டவணைக்காரி

நான் சென்னைல டேட்டா வேலை பார்க்கறேன். "முதல்ல சுத்தம் பண்ணிட்டு அப்புறம் வெளியிடலாம்"னு உங்க நண்பர் சொன்னதைப் படிச்சதும் பழைய விஷயம் ஒண்ணு ஞாபகம் வந்துச்சு.

வீட்டைக் கொஞ்ச நாளைக்கு வாடகைக்கு விட உதவற தளமான ஏர்பிஎன்பி, 2015 டிசம்பர் 1ஆம் தேதி நியூயார்க் நகரத்தோட டேட்டாவைத் திறந்து காட்டுச்சு. நாங்க வெளிப்படையா இருக்கோம்னு சொல்லித்தான். ஆனா அவங்க ஆபீஸுக்கு நேரம் வாங்கிட்டுப் போய் அங்கயே உட்கார்ந்து பார்க்கணும், பிரதி எடுத்துட்டு வர முடியாது. அந்தக் கணக்குப்படி, ஒரே ஆளு ரெண்டு மூணு முழு வீட்டை வாடகைக்கு விடறதெல்லாம் ரொம்பக் குறைவு, பெரும்பாலும் சாதாரண மக்கள் தங்களோட வீட்டைப் பகிர்ந்துக்கறாங்கங்கற மாதிரி இருந்துச்சு.

முர்ரே காக்ஸ்னு ஒருத்தர் அந்தத் தளத்துல இருக்கற வீட்டுப் பட்டியலை வெளியில இருந்தே தொடர்ந்து சேகரிச்சு வெச்சிருந்தாரு. டாம் ஸ்லீயும் தனியா அதே வேலையைச் செஞ்சுட்டு இருந்தாரு. ரெண்டு பேரும் ஒப்பிட்டுப் பார்த்து 2016 பிப்ரவரில எழுதினாங்க: டேட்டா எடுக்கறதுக்குக் கொஞ்சம் முன்னாடி, நவம்பர் மாசத்துல, ஆயிரத்துக்கும் மேல வீடுகளைத் தூக்கியிருக்காங்க. தூக்கினதெல்லாம் ஒரே ஆளு பல வீடு வெச்சிருந்த வகை. அப்புறம் கம்பெனியே ஏறக்குறைய 1,500 எடுத்ததா ஒத்துக்கிட்டாங்க. எடுத்தது தப்பில்லை. அந்த வீடுகளை எடுக்கணும்னுதான் ஊரே கேட்டுச்சு. எடுத்ததைச் சொல்லாம, எடுத்த பிறகு இருக்கற படத்தை "எப்பவும் இப்படித்தான்"ங்கற மாதிரி காட்டினதுதான் நம்பிக்கையைக் கெடுத்துச்சு. 2023 செப்டம்பர்ல நியூயார்க் குறுகிய கால வாடகைக்குப் பதிவு கட்டாயம்னு நடைமுறைப்படுத்துச்சு, ரொம்பக் கடுமையா.

உங்க ஊர் ஸ்டாண்டுல இருக்கறவங்கதான் உங்களுக்கு முர்ரே காக்ஸ். ஒரே வண்டி நாலு தடவை போறதை அவங்க டேட்டாபேஸ் இல்லாமலே எண்ணிட்டாங்க. 38 இல்லாத அட்டவணையைப் பார்த்தா முதல் நிமிஷத்துலயே தெரிஞ்சுக்குவாங்க.

நம்பரை பிளாக் பண்றதைப் பத்தி: 2017 மார்ச்ல நியூயார்க் டைம்ஸ் வெளியிட்ட ஊபர் 'கிரேபால்' சமாச்சாரம் அதேதான். அதிகாரிங்க ஆப்பைத் திறந்தா இல்லாத வண்டிங்களைப் படத்துல காட்டறது. அதே வருஷம் செப்டம்பர்ல லண்டன் போக்குவரத்துத் துறை உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தப்ப, சொன்ன காரணங்கள்ல கிரேபாலும் ஒண்ணு. ஆரம்பிக்கறப்ப ஒரு சின்ன செட்டிங் மாதிரித்தான் தெரியும், தயவுசெஞ்சு அந்தப் பக்கம் போகாதீங்க.

---

எலச்சேனஹள்ளி

பெங்களூர்ல இருக்கேன், சொந்த ஊர் தர்மபுரி. இங்க 2022 நவம்பர்ல ஆட்டோ டிரைவர்கள் யூனியனும் பேமென்ட் சாஃப்ட்வேர் கம்பெனியான ஜஸ்பேயும் சேர்ந்து நம்ம யாத்ரிங்கற ஆட்டோ ஆப்பைக் கொண்டு வந்தாங்க. கமிஷன் கிடையாது. பிற்பாடு டிரைவர்கிட்ட நாளுக்கு 25 ரூபாய், இல்லைன்னா ஒரு சவாரிக்கு 3.50ன்னு வெச்சாங்க. சாஃப்ட்வேர் கோடையே யாரும் பார்க்கற மாதிரி கிட்ஹப் தளத்துல போட்டாங்க. எத்தனை பேர் தேடினாங்க, எத்தனை சவாரி முடிஞ்சுது, டிரைவர்களுக்கு எவ்வளவு போச்சுங்கறது வெப்சைட்ல ஓடிட்டே இருக்கும். என் தெரு முனை ஆட்டோக்காரர் அந்தப் பக்கத்தை போன்ல திறந்து என்கிட்ட காட்டியிருக்காரு, சொந்தக் கடை வியாபாரம் மாதிரி.

ரெண்டு விஷயம் கவனிங்க. அந்த ஆட்டோக்களுக்குப் பெர்மிட், மீட்டர் எல்லாம் முதல்லயே இருந்துச்சு. சட்டப்படி ஓடற வண்டிக்குக் கணக்கைத் திறந்ததால பேரு கிடைச்சுது. உங்களுக்கு அந்த அடித்தளம் இல்லை, அதனால அதே பலன் உடனே வரும்னு எதிர்பார்க்காதீங்க. ரெண்டாவது, கணக்கு திறந்திருந்தும் அந்த யூனியன் அடுத்த வருஷமே பிரிஞ்சு மெட்ரோ மித்ரான்னு தனி ஆப் ஆரம்பிச்சுது. எண்ணைக் காட்டறது வேற, முடிவு எடுக்கறப்ப கூட உட்கார வெக்கறது வேற.

---

ஏழு முப்பத்தஞ்சு

அண்ணா, நான் உங்க ஆப்புல போறவதான். காந்திபுரத்துல ரூம், திருப்பூர்ல பையிங் ஹவுஸ் வேலை.

வெளியிடுங்க, வேண்டாம்னு சொல்லலை. ஆனா எந்த ஸ்டாப்புல எத்தனை மணிக்கு ஏர்றாங்கங்கறதைப் போடாதீங்க. காலைல அந்த நேரத்துல எங்க ஸ்டாப்புல ஏர்றது நாங்க மூணு பொண்ணுங்கதான். பேரு போடலைன்னாலும் யாருன்னு தெரிஞ்சுரும். ஒரு வாரம் கவனிச்சா எந்த நாள் நான் வரலைங்கறது வரைக்கும் தெரியும்.

இன்னொண்ணு கேக்கணும். அன்னைக்கு அந்த வண்டில டாக்ஸிக்காரங்க ரெண்டு சீட்டுன்னா மூணாவது சீட்டுல யாரோ இருந்திருக்கணுமே? மில்காரரைப் பத்தி எழுதியிருக்கீங்க, டாக்ஸி அண்ணனைப் பத்தி எழுதியிருக்கீங்க. அவங்க அப்புறம் எப்படிப் போனாங்க?

---

கருமத்தம்பட்டிக்காரன் (11 நாள் கழிச்சு)

எல்லாருக்கும் நன்றிங்க. என்ன பண்ணினேன்னு சொல்லிடறேன்.

கடைசிக் கேள்வில இருந்து ஆரம்பிக்கறேன். மூணாவது சீட்டுல ஒரு பொண்ணு இருந்தாங்க. அந்தப் பதிவைப் படிச்ச அப்புறம்தான் எனக்கு உறைச்சுது. புக்கிங்ல நம்பர் இருந்துச்சு, கூப்பிட்டேன். வண்டியை நிறுத்தினதும் கூட்டத்தைப் பார்த்துப் பயந்து இறங்கி, கொஞ்ச தூரம் நடந்து போய், அரை மணி நேரம் நின்னு பஸ் பிடிச்சிருக்காங்க. அன்னைக்குப் பாதி நாள் சம்பளம் போச்சு. எங்க பக்கத்துல இருந்து ஒரு போன் கூடப் போகலை. 150 ரூபாய் மட்டும் தானாவே திரும்பிப் போயிருக்கு, சிஸ்டம் பண்ணினது. மன்னிப்புக் கேட்டேன். "பரவால்லைங்க"ன்னு சொன்னாங்க, ஆனா ஆப்பை அழிச்சுட்டாங்க.

சர்வேயர் சார் சொன்ன மாதிரி விலையை முதல்ல இறக்கினேன். சீட்டு 80, அதுக்கு மேல யாரும் கேக்க முடியாது. எங்க 15 ரூபாயை எடுத்துட்டோம். அதுக்குப் பதிலா வண்டிக்காரர், பயணி ரெண்டு பேர்கிட்டயும் மாசச் சந்தா கேக்கலாம்னு இருக்கோம், இன்னும் முடிவாகலை. 374 பேருக்கும் தனித்தனியா மெசேஜ் போச்சு: உங்க இன்சூரன்ஸ் பாலிசில இப்படி ஒரு வரி இருக்கு, போன வருஷம் நாங்க வெச்ச விலை உங்களை அதுக்குள்ள மாட்டி விட்டிருந்துச்சு, இதை முன்னாடியே சொல்லியிருக்கணும், சொல்லலை. மில்காரர் வீட்டுக்கு மட்டும் நேர்ல போனேன். பாலிசியை எடுத்து வெச்சு ரெண்டு பேரும் படிச்சோம். சின்ன எழுத்து, அவருக்குக் கண்ணாடி வேண்டியிருந்துச்சு. அவர் இனிமே வண்டி எடுக்கலை, பஸ்ஸுலதான் போறார்.

ஞாயித்துக்கிழமை ராத்திரி அட்டவணையை வெளியிட்டேன். 412 வரி, 38ம் அதுலதான் இருக்கு. ஒரு வண்டிக்கு ஒரு வரி: எத்தனை நாள், எத்தனை நடை, எவ்வளவு பணம் போச்சு. ஸ்டாப்பும் நேரமும் எடுத்தாச்சு. மேல ஒரு குறிப்பு: "இந்த 38 வண்டிகள் பகிர்வுன்னு சொல்ல முடியாதவை. இவை ஓடினதுல எங்களுக்கும் வருமானம் வந்தது. இந்தத் தேதியில நிறுத்தினோம்." நண்பருக்கு இது பிடிக்கலை. மூணு நாள் பேசலை. நாலாவது நாள் வந்து, அட்டவணைல ஒரு கூட்டல் பிழை இருக்குன்னு காட்டினாரு, திருத்தினோம்.

38 பேரையும் போன்ல கூப்பிட்டேன். கத்தினவங்க உண்டு. ஏழு பேரு டி போர்டுக்கு மாத்தறதுக்கு ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல விசாரிச்சுட்டு இருக்காங்க. அதுல ஒருத்தர் வேலை போய், கடன் வாங்கி அந்த வண்டியை எடுத்தவர். அவர்கிட்ட பேசிட்டு வெச்சப்ப எனக்கு மனசு சரியில்லை. அவர் ஒழுங்கு மீறினது எங்க விலையைப் பார்த்துத்தான்.

பணம் போட்டவங்க அடுத்த தவணையை நிறுத்தி வெச்சிருக்காங்க. ரெண்டு பேருக்குச் சம்பளம் அடுத்த மாசம் எப்படிக் கொடுக்கறதுன்னு இப்ப தெரியலை. நிலைமையை அந்த ரெண்டு பேர்கிட்டயும் உட்கார்ந்து சொல்லிட்டேன். கிண்டில போக்குவரத்து ஆணையர் ஆபீஸுக்கு அட்டவணையோட ஒரு பிரதியையும், உரிமம் எப்படிக் கேக்கறதுன்னு ஒரு கடிதத்தையும் தபால்ல அனுப்பியாச்சு. அந்த 10,000 அபராத ரசீதையும் சேர்த்தேன். சாட்சி எழுதிக் கொடுக்கறோம்னு நண்பர் சொன்னது சரிதான், எழுதிக் கொடுத்துட்டேன்.

நேத்து ஸ்டாண்டுக்குப் போனேன். அட்டவணையை மூணு பிரதி எடுத்துட்டுப் போனேன். அந்த அறுபது வயசு அண்ணன் டீக்கடை பெஞ்சுல கண்ணாடியைப் போட்டுட்டு ஒவ்வொரு வரியா விரலை வெச்சுப் பார்த்தாரு. கால் மணி நேரம் ஒரு வார்த்தை பேசலை. அப்புறம், "இதுல 96 நடைன்னு இருக்கறவன் வெள்ளை டிசைரா?"ன்னு கேட்டாரு.

ஆமாங்க, ஆனா நம்பர் சொல்ல மாட்டேன்னேன்.

"சொல்ல வேண்டாம். நான் 90ன்னு எண்ணி வெச்சிருந்தேன்." பிரதியை மடிச்சு சட்டைப் பைல வெச்சுக்கிட்டாரு. "அடுத்த மாசம் ஒண்ணாந்தேதி இதே மாதிரி கொண்டு வா. நம்ம சங்கத்துல ரெண்டு பேரு உன் ஆபீஸுக்கு வந்து, எப்படி எடுக்கறேன்னு உட்கார்ந்து பார்ப்பாங்க. சம்மதமா?"

சரின்னு சொல்லிட்டு வந்திருக்கேன்.

அட்டவணைக்காரி அக்கா, வர்றவங்க ரெண்டு பேருக்கும் பயணிகளோட பேரு, நம்பர் எதுவும் கண்ணுல படாம, ஆனா நடைக் கணக்கை அவங்களே எண்ணிப் பார்க்கற மாதிரி ஸ்கிரீனை எப்படி வெக்கறதுன்னு சொல்ல முடியுங்களா? ஒண்ணாந்தேதிக்கு இன்னும் ஒம்போது நாள்தான் இருக்கு.